லேப்டாப்புக்குள்ளேயே இருந்த விண்டோஸ் லைசென்ஸ்

"சித்தி, லேப்டாப்ல ஏதோ லைசென்ஸ் முடியப் போகுதுன்னு வருது. நாம காசு கொடுத்துதானே வாங்கினோம்?" என்று அக்கா மகள் போன் செய்தாள். கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப் அது. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. "விண்டோஸ் 11 ப்ரோ போட்டு, ஆக்டிவேட் பண்ணியே தர்றோம்" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தாலும் "ஆக்டிவ்" என்றே பச்சை டிக்குடன் காட்டியது. அப்புறம் எது முடியப் போகிறது?

அந்தப் பச்சை டிக் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது எந்த வகை லைசென்ஸ் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று (slmgr /xpr) அடித்து என்டர் தட்டச் சொன்னேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், பிறகு சின்னதாக ஒரு பெட்டி எழும்பும். நேர்மையான லைசென்ஸ் என்றால் அதில் "நிரந்தரமாக ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இவளுடையதில் "வால்யூம் ஆக்டிவேஷன்" என்று போட்டு ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்கு அதிக நாள் இல்லை.

எக்ஸ்பிஆருக்குப் பதில் டிஎல்ஐ (dli) என்று அடித்தால் இன்னும் விவரம் வரும். அடிக்கச் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ப்ராடக்ட் கீயின், அதாவது லைசென்ஸுக்கான 25 எழுத்துக் குறியீட்டின், கடைசி ஐந்து எழுத்து: டி83ஜிஎக்ஸ் (T83GX). இந்த ஐந்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. இது யாருக்கும் தனியாக விற்கப்பட்ட கீ இல்லை. பெரிய நிறுவனங்களில் ப்ரோ பதிப்பை நிறுவுவதற்காக மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே வெளியிட்டு வைத்திருக்கும் பொதுக் கீ. அது மட்டும் இருந்தால் எதுவும் ஆக்டிவேட் ஆகாது, நிறுவனத்துக்குள் ஒரு சர்வர் இருந்து "ஆமாம், இது எங்கள் கம்ப்யூட்டர்தான்" என்று சொல்ல வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்குத்தான் கேஎம்எஸ் என்று பெயர். நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அலுவலகம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. உள்ளேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்வார்கள். குறைந்தது 25 கம்ப்யூட்டராவது அதைத் தேடி வந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் அந்த சர்வரைத் தொடர்புகொண்டு கெடுவைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அலுவலக லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனால், ஆறு மாதத்தில் லைசென்ஸ் தானாக அற்றுப்போகும். நல்ல யோசனைதான். ஆனால் முதலாமாண்டு மாணவியின் லேப்டாப்புக்கு ஏது சர்வர்? அதனால்தான் லைசென்ஸை ஏமாற்றும் கிராக் மென்பொருள் ஒன்று லேப்டாப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தானே அந்த சர்வர் என்று நடிக்கிறது. அது ஏதோ காரணத்தால் நின்றுபோனால், இப்படி அறிவிப்பு வருகிறது.

லைசென்ஸைவிட எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. இந்த வகைக் கிராக்குகளை விண்டோஸ் டிஃபென்டர் "ஹேக்டூல்" என்று அடையாளம் கண்டு நீக்கிவிடும். நீக்காமல் இருக்க வேண்டுமென்றால் டிஃபென்டரின் கண்ணைக் கட்ட வேண்டும். வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் போய், கடைசியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதியைத் திறக்கச் சொன்னேன். சி டிரைவில் ஒரு ஃபோல்டர் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. அதற்குள் என்ன வந்து விழுந்தாலும் டிஃபென்டர் சோதிக்காது. பெண் பிள்ளை அந்த லேப்டாப்பில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுகிறாள், ஆதார் நகலை வைத்திருக்கிறாள், அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறக்கிறாள். பூட்டை உடைத்து வைத்துவிட்டு வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பதுபோன்ற வேலை இது. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், இதைச் செய்வது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

கடைக்காரரிடம் பேசினேன். கோபமாக இல்லை, விவரமாகவே கேட்டேன். "எல்லா மெஷினுக்கும் ப்ரோதான் மேடம் போடுறோம், கஸ்டமர் அதைத்தான் கேட்கிறாங்க. எடுத்துட்டு வாங்க, ரெண்டு நிமிஷத்துல எக்ஸ்டென்ட் பண்ணித் தர்றேன்" என்றார். அந்த இரண்டு நிமிட வேலை என்னவென்று தெரிந்த பிறகு எப்படி எடுத்துப் போவது? அக்கா, "ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கீ விக்கிறாங்களாமே, வாங்கிடலாமா?" என்று கேட்டாள். அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த வால்யூம் கீயைப் பிரித்து விற்பதுதான். இன்றைக்கு வேலை செய்யும், முடக்கப்பட்டால் அன்றோடு சரி. கேட்கவும் ஆள் இருக்காது.

பணம் கொடுத்துக் கீ வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் லேப்டாப்பேதான். விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 25 எழுத்துக் கீயுடன் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வியர்வையிலும் உரசலிலும் அது அழிந்துபோய், படிக்க முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அந்த வழக்கம் மாறியது. தயாரிக்கும் நிறுவனமே கீயை மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் எழுதிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும், ஃபார்மேட் செய்தாலும், யார் எந்தக் கிராக்கைப் போட்டாலும் அது அங்கேயே இருக்கும். மதர்போர்டை மாற்றினால் மட்டும்தான் போகும்.

அதைப் படிக்க பவர்ஷெல்லில் ஒரு வரிக் கட்டளை உண்டு. அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ஷோகீபிளஸ் என்ற செயலியைப் போடச் சொன்னேன். இப்போது நிறுவப்பட்டிருக்கும் கீயை ஒரு வரியிலும், போர்டில் எழுதப்பட்டிருக்கும் கீயை இன்னொரு வரியிலும் அது காட்டும். இரண்டாவது வரியில் முழுதாக ஒரு கீ இருந்தது. பதிப்பு: விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். முதல் உரிமையாளர் புதிதாக வாங்கியபோது லேப்டாப் விலையோடு சேர்த்துப் பணம் கட்டிய லைசென்ஸ். அது போர்டிலேயே கிடக்க, மேலே திருட்டு ப்ரோவைப் போட்டு விற்றிருக்கிறார்கள்.

விண்டோஸ் 10 கீதானே, 11-க்குச் செல்லுமா என்று அவள் கேட்டாள். செல்லும். அதே பதிப்பாக இருந்தால் போதும். ஆனால் ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்கி வர வழி கிடையாது. மேலே ஏறலாம், கீழே இறங்க வேண்டுமென்றால் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். எப்படியும் அந்தக் கிராக் இருந்த டிஸ்க்கை முழுதாகத் துடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ப்ரோவில் கிடைக்கும் ரிமோட் டெஸ்க்டாப், குரூப் பாலிசி எதுவும் கல்லூரி மாணவிக்குத் தேவைப்படாது. பாடக் குறிப்பு, ப்ராஜெக்ட், போட்டோக்களை மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்தோம். நிறுவு கோப்பாக வந்திருந்த எதையும் எடுத்து வைக்கவில்லை.

விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வேலையைத் தொடங்கினோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை என் கம்ப்யூட்டரில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொண்டேன். லேப்டாப்பைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்க்கில் இருந்த பார்ட்டிஷன்களையெல்லாம் நீக்கிவிட்டு நிறுவலைத் தொடங்கினால், ப்ராடக்ட் கீ கேட்கும் பக்கமே வரவில்லை. எந்தப் பதிப்பு வேண்டும் என்றும் கேட்கவில்லை. போர்டில் இருந்ததை அதுவே படித்துக்கொண்டு ஹோம் சிங்கிள் லாங்குவேஜை நிறுவியது. "கீயே கேட்கலையே, சரியா போடுதா?" என்று அவள் சந்தேகப்பட்டாள். கேட்காததுதான் நல்ல அறிகுறி.

சிக்கல் பிறகுதான் வந்தது. முதலில் வைஃபை தெரியவில்லை, டிரைவர் இல்லை. அது சுலபம்: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்தால் விண்டோஸ் அதை நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். ஆனால் இணையம் கிடைத்த பிறகும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று பொதுவாக ஒரு செய்தி சொல்லிவிட்டு நின்றது. திரும்ப முயன்றாலும் அதே பதில். போனில் இணையம் நன்றாகத்தான் ஓடியது.

இந்த நிலையில் ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் நிறுவல் பக்கத்துக்கு மேலேயே கறுப்புத் திரை திறக்கும். சில லேப்டாப்புகளில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதில் டேட் என்று அடித்துப் பார்த்தேன். லேப்டாப் பல வருடங்களுக்கு முந்தைய ஒரு ஜனவரியில் இருந்தது. கடிகாரத்தை ஓடவைக்கும் காயின் பேட்டரி செத்துப்போயிருக்கிறது. தேதி தப்பாக இருந்தால், பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு வேண்டிய சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதவையாகத் தெரியும், அதனால் எந்த சர்வரோடும் கைகுலுக்க முடியாது. ஏற்கெனவே நிறுவிய கம்ப்யூட்டரில் இதே காரணத்தால் ஆக்டிவேஷன் நின்றால் 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற எரர் எண் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கீயில்தான் கோளாறு என்று எண்ணி, புதுக் கீ தேடி அலைபவர்கள் உண்டு. டாஸ்க்பாரில் தேதியைப் பார்த்தால் போதும். நான் அங்கேயே சரியான தேதியைக் கொடுத்தேன், டைம் என்று அடித்து நேரத்தையும் சரிசெய்தேன். திரும்ப முயன்றதும் அக்கவுன்ட் பக்கம் உள்ளே விட்டது.

டெஸ்க்டாப் வந்ததும் அவளையே பார்க்கச் சொன்னேன். ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தது, அவளுடைய அக்கவுன்ட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது என்றும் இருந்தது. எக்ஸ்பிஆர் அடித்தால் நிரந்தரம். டிஎல்ஐ அடித்தால் வால்யூம் என்ற சொல்லே இல்லை, ஓஇஎம் டிஎம் என்று இருந்தது. அதாவது தயாரித்த நிறுவனம் போர்டில் எழுதிக் கொடுத்த லைசென்ஸ். கீயின் கடைசி ஐந்து எழுத்து, ஷோகீபிளஸ் காட்டியதோடு பொருந்தியது. அவள் முகத்தில் வந்த நிம்மதிக்காகவே இந்த வேலையைச் செய்திருக்கலாம்.

இதோடு இன்னும் சில வேலைகள் இருந்தன. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்து உள்ளே நுழைந்தால் ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. அதன் 48 இலக்க ரெகவரி கீ அந்த அக்கவுன்ட்டில் சேமிக்கப்படும். ஆக்டிவேஷனுக்காக அவசரத்தில் யாருடைய மெயிலையோ கொடுத்துவிட்டால், பிறகு லேப்டாப் ரெகவரி கீ கேட்கும் நாளில் கோப்புகள் மொத்தமும் போய்விடும். அதனால் அவளுடைய சொந்த மெயிலைத்தான் கொடுத்தோம், கீயை ஒரு தாளில் எழுதி அக்காவின் பீரோவிலும் வைத்தோம். பழைய நிறுவலில் பயன்படுத்திய பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றச் சொன்னேன், வங்கியுடையதை முதலில்.

சிங்கிள் லாங்குவேஜ் என்ற பெயரைப் பார்த்து, தமிழில் எழுத முடியாதோ என்று அவள் பயந்தாள். நிறுவும்போது தேர்ந்தெடுத்த மொழியில்தான் மெனுக்கள் வரும் என்பதுதான் அந்தக் கட்டுப்பாடு. தட்டச்சுக்கு அது பொருந்தாது. 2019-இலேயே விண்டோஸ் 10-இல் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் சேர்ந்துவிட்டன, 11-இலும் இருக்கின்றன. லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ்99-ஐ வைத்துக் கொடுத்தேன்.

விஷயம் விடுதியில் பரவி, அவள் தோழி தன் லேப்டாப்பையும் சோதித்துப் பார்த்திருக்கிறாள். அதிலும் அதே வால்யூம் வரி, அதே டி83ஜிஎக்ஸ். ஆனால் ஷோகீபிளஸின் இரண்டாவது வரி காலி. ஒன்று மதர்போர்டு மாற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முதலிலேயே விண்டோஸ் இல்லாமல் விற்ற மாடலாக இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டே வழிதான் சொன்னேன்: முறையான கடையில் முழு விலை கொடுத்து ரீடெயில் லைசென்ஸ் வாங்குவது, அல்லது விண்டோஸுக்குப் பதிலாக, ஆக்டிவேஷனே தேவைப்படாத இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவது. அவள் படிப்புக்கு வேண்டியது பைத்தான், பிரவுசர், லிப்ரே ஆஃபீஸ். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், முதலில் வைஃபையும் வெப்கேமும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அக்கா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே நிறுவிக்கொண்டாள்.