ஏற்காட்டில் வாங்கிய ஆறு ரோஜாச் செடிகள்

போன வருடம் பெருந்துறைச் சாலையோரம் ஒருவர் 'ஊட்டி ரோஸ்' என்று சொல்லி விற்றார். செடி 200 ரூபாய், நான்கு வாங்கினேன். கவாத்து செய்ததும் நான்கிலும் நீளநீளமாக முள்கொடிகள் கிளம்பின, பூ மட்டும் இல்லை. மேலே ஒட்டியிருந்த நல்ல ரோஜா செத்துப்போய், அதற்கு வேராக இருந்த காட்டு ரோஜாச் செடி தழைத்துவிட்டது. 800 ரூபாய் மண்ணாகப் போன ஆத்திரத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈரோட்டில் பஸ் ஏறினேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். நின்றுகொண்டே போனேன். ஏரிக்கரையிலிருந்து லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு ஆட்டோக்காரர் கேட்டது 300 ரூபாய்! அது ஒன்றரைச் செடியின் விலை. நடந்தேன். அங்கிருக்கும் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்ததும் கால்வலி மறந்துவிட்டது.

செடி வாங்கியது வழியில் இருந்த ஒரு சிறிய நர்சரியில். என் கதையைக் கேட்ட பெரியவர் ஒரு தொட்டியைத் தூக்கி, தண்டின் அடியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். முழங்கை மூட்டுபோல ஒரு புடைப்பு. "இதுதான் ஒட்டு, அம்மணி. இதற்குக் கீழே எது துளிர்த்தாலும் அன்றைக்கே பிய்த்து எறியுங்கள். வெட்டினால் மறுபடியும் வரும்." இதை யாராவது போன வருடமே சொல்லியிருக்கக் கூடாதா?

நான் தேடிப் போனது ஹைப்ரிட் டீ ரோஜாக்களை. தேநீர் ரோஜாவையும் (டீ ரோஸ்) ஹைப்ரிட் பெர்பெச்சுவல் என்ற பழைய ரோஜா வகையையும் கலந்து வந்த இனம் அது. 1867-இல் பிரான்சில் கியோ என்ற ரோஜா வளர்ப்பாளர் அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்'தான் முதலாவது என்பார்கள். நீண்ட காம்பு, நுனியில் பெரும்பாலும் ஒற்றைப் பூ, கூரான மொட்டு. பக்க மொட்டுகளைச் சின்னதாக இருக்கும்போதே கிள்ளிவிட்டால் நடுப்பூ கையகலம் வரும்.

நான் மயங்கி நின்றது 'டபுள் டிலைட்' முன்னால். நடுவில் பாலாடை நிறம், இதழோரத்தில் குங்குமத்தைத் தொட்டு இழுத்ததுபோலச் சிவப்பு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அந்தச் சிவப்பு ஏறும் என்பதால், நிழலில் வைத்தால் வெளிறிப்போகும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? மணமோ, மூக்கை எடுக்க மனம் வரவில்லை. இரண்டு வாங்கினேன். 'மிஸ்டர் லிங்கன்' 1964-இல் வந்த வகை. கருஞ்சிவப்பு, வெல்வெட் இதழ், பன்னீர் வாசம். அதிலும் இரண்டு.

'பீஸ்' எல்லோரும் புகழும் ரோஜா. பிரான்சின் ரோஜா வளர்ப்பாளர் மெய்யாங் உருவாக்கியது, 1945-இல் உலகப்போர் முடியும் தறுவாயில் அந்தப் பெயர் பெற்றது. மஞ்சளில் இளஞ்சிவப்பு ஓரம், பார்க்க அழகுதான். ஆனால் வாசம் குறைவு, சமவெளி வெயிலில் நிறமும் சீக்கிரம் வெளுத்துவிடும். கொங்குச் சமவெளியில் ஒரே ஒரு செடிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதை வாங்காதீர்கள். நான் ஒன்று வாங்கினேன், ஆசைக்கு. கூட ஒரு வெள்ளை. செடி 180 ரூபாய், ஆறுக்கு 1,080.

இறங்கும்போது பஸ்ஸில் நடத்துநர் சாக்கைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அது நியாயம். சாக்கை டயருக்கு மேலே உள்ள மேட்டில் வைக்கச் சொன்னதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மண் சிந்தியது, மிஸ்டர் லிங்கனில் ஒரு கிளை ஒடிந்தது. சேலத்தில் சாப்பிட்ட தட்டுவடை செட்தான் ஆறுதல். பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் ஒழுக ஒழுக மூன்று தட்டு!

இப்போது ஆறும் வேப்பமர நிழலில் இருக்கின்றன. ஒரு வாரம் கழித்துத்தான் செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் கலந்து நடப்போகிறேன், ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி. டபுள் டிலைட்டில் ஒரு மொட்டு இருக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன்.