பூந்திக்கொட்டையும் பத்து தங்கக் காசுகளும்

மாமனார் இறந்து நாலு மாதம் கழித்து, மாமியார் ஒரு பழைய புகையிலை டப்பாவைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில். என் கணவர் குடும்பத்தில் யாருக்கும் தங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மதுரையிலிருந்து வந்த மருமகளுக்குத்தான் தெரியும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். டப்பாவுக்குள் துணியில் சுற்றிப் பத்துக் காசுகள் இருந்தன. இருபது டாலர் காசு மூன்று, பத்து டாலர் இரண்டு, ஐந்து டாலர் மூன்று, இரண்டரை டாலர் இரண்டு.

கூட்டிப் பார்த்தால் சரியாக நூறு டாலர். அதற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. 1933 ஏப்ரலில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கையிலிருக்கும் தங்கத்தை வங்கியில் ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டார். ஆளுக்கு நூறு டாலர் வரை காசாக வைத்துக்கொள்ள மட்டும் விலக்கு உண்டு. மாமனாரின் அப்பா சட்டத்துக்கு ஒரு காசு கூடாமல், தன் உரிமையில் ஒரு காசு குறையாமல் எண்ணி வைத்திருக்கிறார். அடுத்த வருடமே அரசு தங்கத்தின் விலையை அவுன்சுக்கு 20.67 டாலரிலிருந்து 35 ஆக்கியது. ஒப்படைத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

நான் முதலில் செய்தது எடை போட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னத் தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐந்து டாலர் காசு 8.36 கிராம், அதாவது ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேல். இருபது டாலர் காசு 33.4 கிராம், நாலு சவரனைத் தாண்டுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம், மீதி செம்பு. நம் 916-க்கு ஒரு படி கீழே. சவரன் என்று நாம் சொல்வதே இங்கிலாந்துக் காசின் பெயர்தானே, அதனால் இவையெல்லாம் தூரத்துச் சொந்தம் மாதிரிதான் எனக்குத் தெரிந்தன.

இரண்டாவதாகச் செய்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ஐந்து டாலர் காசுகளில் ஒன்று, 1891-ஆம் வருடத்தது, அழுக்கேறி மங்கிக் கிடந்தது. நகையைக் கழுவுவது போலப் பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, நுரை வந்ததும் காசைப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். கழுத்துப் பக்கம் ஒரு கறை போகவில்லை. அதற்குப் பற்பசை. பத்தே நிமிடத்தில் கடையிலிருந்து வந்தது போலப் பளபளவென்று ஆனது. மாமியார் கைதட்டினார். மற்ற ஒன்பதையும் ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். நல்லவேளை, அந்த ஞாயிறுக்கு முன்பே பக்கத்து ஊரில் இருக்கும் நாணய வியாபாரியிடம் போக நேரம் கிடைத்துவிட்டது.

எழுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர். கறுப்பு வெல்வெட் தட்டை விரித்தார், ஒரே ஒரு மேசை விளக்கைப் போட்டார், கடையின் மற்ற விளக்குகளை அணைத்தார். காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினார். அச்சடித்தபடியே இருக்கும் காசில் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவரும். 1908-ஆம் வருடத்து இருபது டாலரில் அதை எனக்கும் காட்டினார். காசிலிருக்கும் சுதந்திர தேவியின் பின்னால் உள்ள சூரியக் கதிர்களின் மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு நான் கழுவிய காசை எடுத்தார். சாய்த்தார். ஒளி ஓடவில்லை, மொத்தமாக ஒரே இடத்தில் நின்று மினுக்கியது. லென்ஸை என்னிடம் நீட்டினார். தேவியின் கன்னத்தில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். என் பிரஷ் போன திசை.

"இதை யார் கழுவியது?" என்றார்.

"நான்தான்."

அவர் ஒன்றும் சொல்லாமல் காசைத் திருப்பி, கழுகின் காலடியில் இருந்த இரண்டு சின்ன எழுத்துகளைக் காட்டினார். சி, சி. நெவாடாவில் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருந்த கார்சன் சிட்டி நாணயசாலையின் முத்திரை. 1870-இல் தொடங்கி 1893-இல் அங்கே காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பத்துக் காசில் சேகரிப்பவர்கள் கொஞ்சமாவது தேடுவது அந்த ஒன்றைத்தான். கழுவாமல் இருந்திருந்தால் 1,500 டாலருக்குப் போயிருக்கும் என்றார். எது அழுக்காக இருக்கிறது என்று பார்த்து எடுத்தேனே ஒழிய, எது அரியது என்று பார்க்கத் தெரியவில்லை.

மற்றவற்றில் அவர் சொன்னது: 1904, 1924 வருடத்து இருபது டாலர்கள் லட்சக்கணக்கில் அடித்தவை, ஐரோப்பிய வங்கிகளின் பெட்டகங்களிலிருந்து பின்னாளில் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தவை. 1908-ஆம் வருடத்துக் காசில் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் இல்லை. காசில் கடவுள் பெயரைப் போடுவது மரியாதைக் குறைவு என்று அப்போதைய அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் எடுத்துவிட்டார். நாடாளுமன்றம் அதே வருடம் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. கதை நன்றாக இருக்கிறதே, விலையும் கூடுமா என்று கேட்டேன். கூடாது, அதுவும் ஏராளமாகக் கிடக்கிறது என்றார்.

இரண்டரை டாலர் காசு ஒன்றில் 1911 என்று இருந்தது. டென்வரில் அடித்த 1911 காசு 55,680 மட்டுமே. டி என்ற எழுத்து இருந்தால் அதன் விலையே வேறு. அந்த எழுத்து சில காசுகளில் மங்கலாகத்தான் விழுந்திருக்கும் என்று வேறு படித்துவிட்டேன். ஒரு வாரம் இரவு இரவாக, எழுத்து இருக்க வேண்டிய அம்பு முனைப் பக்கம் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் இருக்கிற மாதிரித் தெரியும், மறுநாள் தெரியாது. வியாபாரி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: பிலடெல்பியாவில் அடித்தது, எழுத்தே கிடையாது.

தரச்சான்றுக்கு எதை அனுப்புவது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தத் தொழிலில் பெரிய நிறுவனங்கள் இரண்டு, 1986-இல் வந்த பிசிஜிஎஸ், அடுத்த வருடம் வந்த என்ஜிசி. காசுக்கு ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஒரு எண் கொடுப்பார்கள். இந்த எழுபது எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1949-இல் ஷெல்டன் என்பவர் பழைய செப்புச் சென்ட்டுகளின் விலையைக் கணக்கிடப் போட்ட அளவு. செம்பை விட்டு எங்கேயோ வந்தும் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, அந்த எண்ணுக்கு முன்னால் எம்எஸ் என்று போடுவார்கள். எண் போட்ட காசைத் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடித் தருவார்கள், இங்கே அதற்கு ஸ்லாப் என்று பெயர். கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்தால் அப்போது காசுக்கு அறுபது டாலரைத் தொட்டது. எனவே நாலை மட்டும் அனுப்பினோம்: 1908, 1924, பத்து டாலரில் 1932, அப்புறம் என் பாவத்தின் சாட்சியான கார்சன் சிட்டி. கழுவிய காசுக்கு எண் கிடைக்காது, உண்மையான காசுதான் என்று மட்டும் எழுதித் தருவார்கள். கார்சன் சிட்டிக் காசில் போலி உண்டு என்பதால் அதற்கும் மதிப்பு இருக்கிறதாம்.

அனுப்புவதே ஒரு சடங்கு. காசை மென்மையான பிவிசி உறையில் போடக்கூடாது, நாளடைவில் பச்சையாக ஒரு பிசின் ஒட்டும். மைலார் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டும். பதிவு அஞ்சலில்தான் ஐம்பதாயிரம் டாலர் வரை காப்பீடு. அதற்குப் பெட்டியில் பளபளப்பான டேப் ஒட்டினால் அஞ்சலகத்தில் வாங்க மாட்டார்கள். நான் முதல் தடவை அப்படித்தான் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். தண்ணீர் தொட்டு ஒட்டுகிற பழுப்புக் காகித டேப்தான் வேண்டும். ஏன் என்று கவுன்டரில் பார்த்தபோது புரிந்தது. அந்தப் பெண் பெட்டியின் ஒவ்வொரு மூட்டின் மேலும், பாதி டேப்பில் பாதி அட்டையில் விழும்படி, தபால் முத்திரையைக் குத்திக்கொண்டே போனார். இருபது முத்திரையாவது இருக்கும். காகிதத்தில்தான் மை ஊறும், யாராவது பிரித்து ஒட்டினால் முத்திரை பொருந்தாது. நூறு வருடத்துக்கு முந்தைய வேலைபோல இருந்தது, பார்க்கவே நிம்மதி.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. 1908-க்கு எம்எஸ் 64. 1932-க்கு எம்எஸ் 63. 1924-க்கு நான் 65 எதிர்பார்த்தேன், வந்தது 62. மூட்டையில் காசோடு காசு மோதிய தழும்புகள் தேவியின் முழங்காலிலும் மார்பிலும் இருந்திருக்கின்றன. எனக்கு அவை காசின் வயது மாதிரித் தெரிந்தன, அவர்களுக்குக் கழித்தல் குறி. கார்சன் சிட்டிக்கு எண்ணுக்குப் பதில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி வந்தது. நம் ஊரில் அது பாராட்டு.

பிறகு ஏலம். இதில்தான் நான் சரியாக ஏமாந்திருப்பேன். விற்பவரிடம் தரகு கிடையாது என்று ஏலக்காரர்கள் சொன்னதும் மகிழ்ந்துபோனேன். வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் நூற்றுக்கு இருபது கட்ட வேண்டும், அது அவர் பாடு என்று நினைத்தேன். பழைய வியாபாரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1908 காசுக்கு மொத்தம் 2,280 டாலர்தான் தருவேன் என்று வருகிறவன், அந்த இருபதைக் கழித்துவிட்டு 1,900-க்குத்தான் கை தூக்குவான். அந்த வாரம் காசிலிருந்த தங்கத்தின் விலையே ஏறக்குறைய 1,960. ஆக, அந்த இருபது யார் பையிலிருந்து போகிறது?

சரி என்று திரும்பப் பேசினேன். சாதாரணக் காசுகளுக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு நூற்றுப்பத்து, அதாவது வாங்குபவர் கட்டும் இருபதில் பாதி எங்களுக்கு. மதுரையில் புடவைக் கடையில் பேரம் பேசி வளர்ந்ததற்கு அன்றுதான் பயன் கிடைத்தது. அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி வாங்கினேன். அவர்கள் எடுத்த படத்தில் 1908 காசு களிமண் நிறத்தில் இருந்தது. இரண்டு கடிதம் எழுதிய பிறகு வேறு விளக்கில் எடுத்துப் போட்டார்கள்.

ஏலம் 2024 ஜனவரியில், இணையத்தில். மாமியாரும் நானும் மடிக்கணினி முன் தேநீரோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு காசுக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. 1908, வியாபாரி எழுதிக்காட்டிய அதே 1,900-இல் நின்றது. கார்சன் சிட்டிக்கு இரண்டு பேர் போட்டி போட்டு 920 வந்தது. என் பற்பசையின் விலை அறுநூறு டாலர்போல என்று மனத்தில் கழித்துக்கொண்டேன். பணம் வர நாற்பத்தைந்து நாள். வாரிசாக வந்த பொருளுக்கு இறந்த நாளின் மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வதால், வரி பெரிதாக இல்லை. 1933-ஆம் வருடத்து விலையிலிருந்து கணக்கிட்டிருந்தால் சேகரிப்புப் பொருளுக்கு 28 விழுக்காடு வரை போயிருக்கும்.

சான்று வாங்காத ஆறில் ஐந்தை வியாபாரியிடமே, தங்க விலைக்குச் சற்று மேலே கொடுத்தோம். 1911 இரண்டரை டாலரை மட்டும் மாமியார் விற்கவில்லை. அரைச் சவரன் எடை, டி இல்லாத காசு. மாமனாரின் அப்பா சுற்றிவைத்த அதே துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடினார்.

அப்புறம் விரலிலிருந்து கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது வெறும் மோதிரம்தானே, அந்தக் காய் இன்னும் மிச்சம் இருக்கிறதா?" என்றார்.