மூன்று அங்குலச் சாக்கிள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு பட்டறையில் வேலை கற்றவன் நான். ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். எஸ்டேட் ஜீப்புகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாதங்களில் மூட்டை சுமந்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்து வரும், கிளட்ச் தேய்ந்து வரும். அந்த வேலைகள் எதிலும் எனக்குப் பயம் இருந்ததில்லை. ஒரு ஜீப்பை உயர்த்திக் கொடுத்த பிறகுதான் பயம் வந்தது.

2011-ஆம் வருஷம். நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பழைய மஹிந்திரா ஜீப். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கர ஓட்டம். முதலாளியின் மகன் பெரிய டயர்களை வாங்கி வைத்துக்கொண்டு வந்து, "இது உரசாம இருக்கிற அளவுக்கு வண்டியைத் தூக்கிக் குடுங்கண்ணா" என்றார். மேஸ்திரி அன்றைக்கு ஊரில் இல்லை. நானே ஒத்துக்கொண்டேன். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பிளேட் கூட்டினேன். பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கிற சாக்கிள்களைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலம் நீளமாகப் புதிதாகச் செய்து மாட்டினேன். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. வண்டி நிமிர்ந்து நின்றபோது எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் எஸ்டேட்டின் பழைய டிரைவர். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மலையிலேயே வண்டி ஓட்டியவர். கோபப்படவில்லை. "தம்பி, வளைவுல திருப்புனா ஸ்டீரிங் திரும்பி வரமாட்டேங்குது. நானே புடிச்சு இழுத்துக்கிட்டு வரவேண்டியிருக்கு. அம்பதுல போனா சீட்டுக்கு அடியில ஒரு நடுக்கம். நீயே வந்து பாரு" என்றார்.

அடிவாரம் வரை போய், மேலே ஏறினோம். சேலம் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் வளைவு முடிகிற இடத்தில் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பார்கள். அது உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானாக நேராகும். அன்றைக்கு அவர் தளர்த்தியபோது ஸ்டீரிங் திருப்பிய இடத்திலேயே நின்றது. வண்டியின் மூக்கு மலைச்சுவரைப் பார்த்துப் போனது. அவர் இரண்டு கையாலும் சுற்றி இழுத்தார். இறங்கும்போது அதே வளைவுகளில் மூக்கு பள்ளத்தைப் பார்த்தது. நான் முன் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். என் கை செய்த வேலையில் உட்கார்ந்துதான் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அந்த வாரம் மேஸ்திரி எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இன்று வரை வைத்துப் பிழைக்கிறேன். கொத்தனாரின் ரசமட்டத்தையும் ஒரு கோணமானியையும் என் கையில் கொடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு கோணமாக எழுதச் சொன்னார்.

சாக்கிளை மூன்று அங்குலம் நீட்டினால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் மூன்று அங்குலம் இறங்கும். பட்டையின் நடுவில், இரண்டு சக்கரங்களையும் தாங்கி நிற்கும் ஆக்சிலுக்குக் கிடைப்பது ஒன்றரை அங்குல உயரம். பழைய ஜீப்பில் முன் பட்டையின் சாக்கிள் முன்முனையில் இருக்கிறது. முன்முனை இறங்கினால் பட்டை முழுதும் முன்பக்கம் சாயும், கூடவே ஆக்சிலும் உருளும். பட்டையின் நீளம் ஏறக்குறைய ஒரு கஜம், அதாவது 36 அங்குலம். அந்த நீளத்துக்கு மூன்று அங்குலச் சரிவு என்றால் ஐந்து டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. சக்கரம் திரும்புகிற அச்சின் தலை சற்றே பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளுக்கு இது மூன்று டிகிரி. அந்த மூன்றில் ஐந்தைக் கழித்துவிட்டேன் நான். அச்சு முன்பக்கம் சாய்ந்துவிட்டது. சக்கரம் நேராக வரவேண்டும் என்று இழுக்கிற சக்தியே போய்விட்டது. பெரிய டயரின் கனமும் சேர, குழியில் விழுந்தால் சக்கரம் இடவலமாக ஆடுகிற வாப்ளிங் வேறு.

சரி, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்து கேஸ்டரைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாமே என்று கேட்டேன். எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற முன் ஷாஃப்டை மேஸ்திரி தொட்டுக் காட்டினார். ஆக்சில் ஒரே துண்டு. அச்சின் தலையைப் பின்னால் சாய்த்தால், அதோடு ஒட்டிய பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட் வந்து மாட்டுகிற இடம், கீழே குனியும். உயர்த்திய வண்டியில் ஷாஃப்ட் ஏற்கெனவே சரிவு கூடித்தான் நிற்கிறது. பினியனும் குனிந்தால் அங்கே ஷாஃப்டைக் கோணத்தில் சுற்றவிடுகிற கிராஸ் மூட்டு இன்னும் முறுக்கும். ஸ்டீரிங்குக்கு நல்லது ஷாஃப்டுக்குக் கெடுதல், ஷாஃப்டுக்கு நல்லது ஸ்டீரிங்குக்குக் கெடுதல். வண்டியை உயர்த்துகிற வேலையில் என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது இந்த இழுபறிதான். முன் ஆக்சிலில் எப்போதும் நான் ஸ்டீரிங் பக்கம்தான் நிற்பேன். மலை வண்டிக்கு வேறு வழியில்லை.

சீட்டுக்கு அடியில் நடுங்கியது பின் ஷாஃப்ட். கிராஸ் ஜாயிண்ட் ஒன்று கோணத்தில் சுற்றும்போது, ஷாஃப்டின் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். மறுமுனையில் அதே கோணத்தில் இன்னொரு கிராஸ் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அது சரிக்கட்டிவிடும். அதற்குக் கியர் கேஸிலிருந்து வெளிவரும் அச்சும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பின்பட்டையின் சாக்கிள் பின்முனையில் இருக்கிறது. அதை நீட்டியதில் பினியன் மூக்கு மேலே பார்த்துவிட்டது. முன்கோணம் கூடியது, பின்கோணம் குறைந்தது.

இது மட்டும் என்றால் தெரியாமல் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஷாஃப்டைக் கழற்றித் துடைத்தபோது இன்னொன்று தெரிந்தது. ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடுகிற சறுக்கும் பல் இருக்கிற இடத்தில், குழலில் ஒன்று, கிராஸைப் பிடித்திருக்கும் யோக்கில் ஒன்று என இரண்டு அம்புக்குறிகள் உண்டு. கோர்க்கும்போது அவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கிராஸும் ஒன்றையொன்று சரிக்கட்டும். பழைய கிரீஸும் செம்மண்ணும் கெட்டியாகிப் பட்டைபோல் ஒட்டியிருந்ததை டீசலில் நனைத்துச் சுரண்டினேன். இரண்டு அம்புகளும் ஒரு பல் தள்ளி நின்றன. நான் கோர்த்தது. அப்போது துடைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டோம். சறுக்கும் பல் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. பின் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல இறுகியிருந்தது. மேஸ்திரி அதை விரலால் சுண்டினார், ஒன்றும் பேசவில்லை. எஸ்டேட் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அது அறுந்திருந்தால் என்று நினைத்து அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இன்றைக்கு எங்கள் பட்டறையில் உயர்த்திய வண்டி எதுவும் ஜாக்கியில் தொங்கவிட்டு ஹோஸ், பல், ஷாக் அப்சார்பர் மூன்றையும் பார்க்காமல் வெளியே போகாது.

முன் கிராஸும் தேய்ந்திருந்தது. அதற்குக் காரணம் வேறு. மகன் ஓட்டும்போது காய்ந்த தார் ரோட்டிலேயே நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொண்டு ஏறுவாராம், பிடிமானம் கிடைக்கும் என்று. வளைவில் முன்சக்கரம் போகிற தூரம் பின்சக்கரத்தைவிட அதிகம். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் டயர் வழுக்கித்தான் தீரவேண்டும். தார் ரோட்டில் டயர் வழுக்காது, முறுக்கம் முழுதும் கிராஸில் ஏறும். நாலு சக்கர ஓட்டத்தின் லிவர் எடுக்க வராமல் கொஞ்சம் ரிவர்ஸ் போய் எடுப்போம் என்று டிரைவர் சொன்னார். அதுதான் அடையாளம். சேறும் சரளையும் வந்தால் போடுங்கள், தாருக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள் என்று மகனிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மாருதி ஜிப்ஸிகளும் வந்தன. ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றினால் ஒரே அடியாக நாலைந்து அங்குலம் உயரும், பட்டையும் சாயாது. ஆனால் ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகிற டிராக் லிங்க் என்ற கம்பி ஏணிபோல் சரிந்துவிடும். சக்கரம் மேடேறும்போதெல்லாம் லிங்க் ஒரு வட்டத்தில் நகர்ந்து ஸ்டீரிங்கைத் தானே திருப்பும். லிங்கை வளைத்துச் செய்கிறார்கள், அது மாட்டியிருக்கிற ஆர்மை மாற்றுகிறார்கள். ஸ்டீரிங் கம்பியில் வெல்டிங் வைப்பதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவையும் சொல்லிவிடுவேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டியா, ரோட்டுக்கு வருகிற வண்டியா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போயிருக்கிறார்கள்.

நாகலூர் ஜீப்பின் நீட்டுச் சாக்கிள்களைக் கழற்றிப் பழையதையே மாட்டினோம். கூட்டிய பிளேட் மட்டும் இருந்தது. அதுவே ஓர் அங்குலத்துக்கு மேல் கொடுத்தது. டயரில் ஒரு அளவு குறைத்தோம். அம்பைச் சேர்த்தோம், ஹோஸ் மாற்றினோம், முன்னால் மெல்லிய ஆப்பு ஒன்று. கேஸ்டர் மூன்றுக்கு வந்தது. கூலி வாங்கவில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை.

டிரைவர் அண்ணாவோடு மறுபடி ஏறினேன். மூன்றாவது வளைவில் ஏறித் திரும்பியதும், அவர் என்னைப் பார்க்காமலே விரல்களை விரித்தார். ஸ்டீரிங் அவர் உள்ளங்கையில் வழுக்கி நேரானது. "ம்" என்றார். பிறகு நாலாவது வளைவுக்குக் கியரைக் குறைத்தார்.