அண்ணிக்கும் ஒரு நாற்காலி வேண்டும்

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது பக்கம் செயலிழந்தபோது அண்ணி கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்தினார். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை. அண்ணன் கோயம்புத்தூரில் லாரி ஓட்டுகிறார், எனக்குக் கூடலூரில் கடை. வீட்டில் இருந்தவர் அண்ணி, அதனால் அவர். நீலகிரியில் சேரம்பாடிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவில் ஒன்று. புரட்டியதும் குதிகாலையும் இடுப்பு எலும்பையும் அண்ணி உற்றுப் பார்ப்பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்துவார். வெளுத்து மறுபடி சிவந்தால் சரி. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அங்கே படுக்கைப்புண் தொடங்குகிறது, அந்தப் பக்கம் கொஞ்ச நாள் சாய்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தது இது. இன்றுவரை அம்மாவுக்குப் புண் வரவில்லை. ஜூன் மழை பிடித்துவிட்டால்தான் பெரும்பாடு. துணி காயவே காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, விடிய விடியத் திருப்பிப் போட்டுக் காயவைப்பார்.

வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது. இருட்டினால் யானைக்குப் பயந்து வாசல் தாண்டாத எங்கள் இடத்துக்கும் மாத்திரையும் பிசியோதெரபியும் வருகிறது என்றால் அது பெரிய விஷயம். மாத்திரை கொண்டுவரும் அக்கா ஒருநாள் பிரஷர் பட்டையை அம்மா கையிலிருந்து கழற்றி, "நீயும் உட்காரும்மா" என்று அண்ணி கையில் சுற்றினார். மேல் அளவு 160, பிரஷர் அதிகம். அண்ணிக்கு அப்போதுதான் தெரியும், எங்களுக்கும். அந்த அக்காவின் நல்ல மனசு அது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டுமே, அதனால்தான் முறையான ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

இப்போது இருப்பதைப் பாருங்கள். மாத்திரை சுகாதாரத் துறை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. முதியோர் பென்ஷன் வருவாய்த் துறை. பாதையும் தெருவிளக்கும் உள்ளாட்சி. குடியிருக்கும் வீடு எஸ்டேட்டுடையது. ஒரே அம்மாவுக்கு இத்தனை ஃபைல், அவற்றுக்கு நடுவில் அலைகிறவர் அண்ணி. ஒரு அலுவலகத்தில், நோயாளியை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். கூடலூரிலிருந்தே ஊட்டி 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜீப்பின் பின்சீட்டில் அம்மாவைப் படுக்கவைத்து, தலையை அண்ணி மடியில் தாங்கிக்கொண்டு போனார். அதே வாரம் வீட்டுக்கு வந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பு அண்ணி பையில்தான் இருந்தது. அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

சோலாடி தாண்டினால் வயநாடு. கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம், மாதம் 600 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் அண்ணி மாதிரி ஒருவர் இருக்கிறார் என்று அரசாங்கத்தின் ஏட்டில் ஏறுகிறது. பஞ்சாயத்தும் நர்ஸும் ஊர்த் தன்னார்வலர்களும் சேர்ந்து வீடு வீடாகப் போவதும் அங்கே பழகிப்போன ஒன்று. பிரிட்டனில் வேல்ஸ் பகுதி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அவர்களுடைய 2014 சமூகப் பராமரிப்புச் சட்டம் 2016-ல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத் துறை, உள்ளாட்சி, தொண்டு அமைப்புகள் எல்லாம் வட்டாரவாரியாக ஒரே குழுவில் உட்கார வேண்டும், இப்போது அப்படி ஏழு குழுக்கள். ஒவ்வொன்றிலும் வீட்டில் பராமரிப்பவர்கள் சார்பில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு என்ன உதவி தேவை என்று தனியாகக் கேட்டு மதிப்பிடுவதும் அங்கே சட்டக் கடமை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவிலேயே பராமரிப்பாளருக்கான உதவித்தொகை பற்றி இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி மருத்துவமனை ஆதிவாசி கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வேலை செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆட்கள் இருக்கிறார்கள், அனுபவமும் இருக்கிறது. பந்தலூர் தாலுகாவுக்கு மாதம் ஒரு கூட்டம் போட்டு, மேலே சொன்ன எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும். அதில் அண்ணி மாதிரி இரண்டு பேருக்கு நாற்காலி வேண்டும்.

அங்கே போனால் என்ன கேட்பீர்கள் என்று அண்ணியிடம் கேட்டேன். "வாரத்துல அரை நாள் யாராவது வந்து அத்தை பக்கத்துல உட்காரட்டும் தம்பி. நான் கண்ணைக் காட்டிட்டு வரணும்" என்றார். அப்புறம் யோசித்து இன்னொன்றும் சொன்னார்: நோயாளி இறந்துபோன வீடுகளில் ஏர் பெட் (படுக்கைப்புண் வராமல் இருக்க விரிக்கும் காற்று மெத்தை) பரணில் கிடக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருந்தால் தேவைப்படும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இந்த இரண்டையும், கூடவே கூட்டத்துக்கான கோரிக்கையையும் மனுவாக எழுதிவிட்டேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். எருமாடு, அய்யன்கொல்லி, தேவாலா பக்கம் வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பெயரைச் சேர்க்கிறேன். நோயாளியை விட்டுவிட்டுக் கையெழுத்துக்காக நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.