"அடிச்சாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள், தயாராகப் போங்கள்

சின்னம்மாவின் மகளுக்குப் புருசனுக்கு எதிராக நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்து, போன கிழமைதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். மட்டக்களப்புப் பக்கம் யாராவது தங்கச்சியையோ மச்சாளையோ கூட்டிக்கொண்டு இப்படி அலைகிறீர்கள் என்றால் உதவட்டும் என்று எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளின் புருசன் ஒருநாளும் கை நீட்டியதில்லை. போன இடமெல்லாம் அதுதான் பிரச்சினை. கிழமைக்கணக்கில் பேச மாட்டார், பிள்ளைகளிடம் "உங்கட அம்மாக்கு விசர்" என்பார், அவள் பேரில் சீதனமாக எழுதிய வீட்டிலேயே அவளை வெளியே போகச் சொல்வார். செலவையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி இரவில் காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மூத்தவன், எட்டு வயதுதான், அம்மாவின் போனை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிடுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போனோம். "அடிச்சாரா?" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். இல்லை என்றதும் பேனையை மூடிவிட்டார். "குடும்பமெண்டா அப்பிடி இப்பிடித்தான் புள்ள, புருசனைக் கூப்பிட்டுக் கதைப்பம்." கதைத்தார்கள். அவர் வெள்ளைச் சேட்டுடன் வந்து, சேர் சேர் என்று குழைந்து, இனிமேல் நடக்காது என்று ஒப்பமும் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். விடிந்ததும் பிள்ளைகளுடன் சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதற்குள் சொந்தக்காரர் வேறு. பிள்ளைகளுக்காகப் பொறு, கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வை என்று ஒரு மாமி. கண்ணகிக்கு வாய்த்த புருசன் எப்படி என்று அவவுக்குத் தெரியாதா என்ன!

வழி காட்டியவர் பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உளரீதியான துன்புறுத்தலும் அடங்கும், காயம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள் சண்டை போதாது, பாரதூரமாகவும் தொடர்ந்தும் நடந்திருக்க வேண்டும். அதனால் திகதி, சொன்ன வார்த்தை, யார் கேட்டது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பொலிஸ் மூலம்தான் போக வேண்டும் என்றும் இல்லை, பாதிக்கப்பட்டவரே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பொலிஸுக்குப் போனால் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுப்பதென்றால் பக்கத்து வீட்டுப் போனில் எடுங்கள், அவர் கையில் அகப்படும் போனில் வேண்டாம்.

கடதாசிகள்தான் எங்களைக் கொன்றன. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி எல்லாம் அவருடைய அலுமாரிக்குள், திறப்பு அவருடைய இடுப்பில். பிரதிகளுக்குப் போனால் ஒரு கவுண்டரில் பதிவு இலக்கம் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள், பஸ் காசுதான் மிச்சம். கடைசியில் பாடசாலையில் சேர்க்கும்போது கொடுத்த நிழற்பிரதியிலிருந்து பிள்ளைகளின் இலக்கங்கள் கிடைத்தன. வீட்டைவிட்டு வெளிக்கிடும் யோசனை வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் உடுப்புப் பையோடு அந்தக் கணக்குக் கொப்பியும் வந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பேனையால் அவர் எழுதியிருக்கிறார்: "உன்ட அப்பன் வீட்டுக் காசா?", "மாடு", "இதுக்குத்தான் உன்னை ஒருத்தரும் மதிக்கிறல்ல". எல்லாம் அவருடைய கையெழுத்தில், திகதியோடு. சட்டத்தரணி பக்கங்களைப் புரட்டப் புரட்ட எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தன்னுடைய வழக்குக்குத் தானே சாட்சி எழுதி வைத்த மனிசன்.

விசாரணைக்கு முன்பு தரும் இடைக்காலக் கட்டளை சுலபமாகக் கிடைத்தது, விசாரணையை 14 நாளுக்குள் போடுவார்கள். பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம், மீறினால் குற்றம். வீட்டுக்குள் அவர் வரக்கூடாது என்றும் கேட்டிருந்தோம், கிடைத்தது. ஒரு பிரதியைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்து வையுங்கள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நிற்பார்கள்.

அடுத்தது தாபரிப்பு வழக்கு, அதாவது செலவுக்குக் காசு கேட்டுப் போடுவது. அவருடைய சம்பள விபரம் கேட்டுப் போனால் "அவர் வந்து கேட்கட்டும்" என்கிறார்கள். நீதிமன்றம் மூலம் அழைப்பிக்கலாம் என்கிறார் சட்டத்தரணி, பார்ப்போம்.