ஐந்தாம் தேதிக்கு முன்னால்

பிப்ரவரி 2

அவருக்கு இந்த மாதமும் பாதிச் சம்பளம்தான்.

பிப்ரவரி 3

கடன் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. வட்டி 9 சதவீதத்திலிருந்து 11 ஆகிறது. தவணையை உயர்த்திக் கட்டலாம், அல்லது காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். "ரெண்டு சதவீதம்தானே" என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, விடியற்காலை

தூக்கம் வராமல் எழுந்து கணக்குப் போட்டேன். 20 வருடக் கடன். 9 சதவீதத்தில், முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போகும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போக அசல் குறையும் என்று அப்போதே அட்டவணையைக் காட்டினார்கள். சரி. ஒரு வருடம் தவறாமல் கட்டியிருக்கிறோம். அசல் இரண்டு சதவீதம்கூடக் குறையவில்லை. மீதி அசலுக்கு 11 சதவீதம் வட்டி போட்டால் மாதத்துக்கு என்ன வரும் என்று பார்த்தேன். அப்படியே பழைய தவணை வருகிறது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதேதான். பழைய தவணையையே கட்டினால் அசல் அசையவே அசையாது. எத்தனை வருடம் நீட்டித்தாலும் தீராது. காலத்தை நீட்டிக்கலாம் என்று எப்படி எழுதினார்கள்?

மீதி 19 வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தவணை ஏழில் ஒரு பங்கு ஏறும். ரெண்டு சதவீதம்தானே!

பிப்ரவரி 5

தவணை போனது. அக்கா போன் செய்தாள். குழந்தைகளைப் பற்றித்தான் பேசினாள், வேறு எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 8

இன்று கிரெடிட் கார்டு பில். 'குறைந்தபட்சத் தொகை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதை மட்டும் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். வட்டி நிற்காது. மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று நினைக்கத் தோன்றும், வட்டிக்கு வட்டி சேர்ந்து 42 தாண்டுகிறது. ஒன்றும் கட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் இரட்டிப்பு. முழுத் தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும்வரை, புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். கார்டை எடுத்து அலமாரியில் பூட்டினேன். சாவி அவரிடம்.

பிப்ரவரி 9

அக்காவிடம் வாங்கிய பணத்துக்கு வட்டி இல்லை.

பிப்ரவரி 13

இன்று மனசு கொஞ்சம் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம், இரண்டு பேருமாக. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதற்குக் கையில் மிஞ்சுவதையெல்லாம் போடுவது, மற்றவற்றுக்குக் கட்டாயம் கட்ட வேண்டியதை மட்டும் கட்டுவது. மொத்த வட்டி குறைவது அந்த வழியில்தான். சின்னக் கடனை முதலில் தீர்த்தால் தெம்பு வரும் என்கிறார் அவர். அதிலும் உண்மை இருக்கிறது. பாதியில் சோர்ந்து விட்டுவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது. ஆனால் 42 சதவீதத்தைப் பார்த்த பிறகு என்னால் அதைத் தள்ளிப்போட முடியாது. கார்டுதான் முதலில்.

அப்படிப் பார்த்தால் அக்காவுக்குக் கடைசியில்தான் வரும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அவள் வீட்டிலும் வேலை போயிருக்கிறதே, அது இந்தத் தாளில் எங்கே வரும்?

பிப்ரவரி 17

போனில் ஐந்தே நிமிடத்தில் கடன் என்று ஒரு செய்தி. 100 கேட்டால் பிடித்தம் போக 80 கைக்கு வரும், ஒரு வாரத்தில் 100 திருப்ப வேண்டும். 80க்கு 20, ஒரே வாரத்தில். 25 சதவீதம்! போனில் இருக்கும் எல்லாருடைய எண்களையும் பார்க்க அனுமதி வேறு கேட்கிறார்கள். எதற்கு என்று தெரியாதா? கை நடுங்கியது, கோபத்தில். அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 18

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 23

கடன் கொடுத்தவர்களிடம் நாமே போய்ப் பேசலாம் என்றேன். "தவறின பிறகு பேசிக்கலாம், இப்பவே போய் நின்னா என்ன நினைப்பாங்க" என்றார். அவருக்குக் கூச்சம். எனக்கும்தான். ஆனால் ஒரு தவணைகூடத் தவறாத ஆளாகப் போய்க் கேட்பது வேறு, தவறிய பிறகு போய் நிற்பது வேறு. தவறிவிட்டால் அது பதிவில் ஏறும், அடுத்த கடனுக்கும் அதைப் பார்ப்பார்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

பிப்ரவரி 26

போய் வந்தோம். ஆறு மாதம் எதுவுமே கட்ட வேண்டாம், ஒத்திவைக்கலாம் என்றார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆறு மாத வட்டி என்னவாகும் என்று கேட்டேன். அசலோடு சேரும். அப்புறம் அதற்கும் வட்டி. வேறு வழி என்ன என்றேன். வட்டியை மட்டும் கட்டிவந்தால் அசல் ஏறாமல் நிற்கும், ஆறு மாதம் கழித்துப் புது அட்டவணை போடலாம் என்றார்கள். 11 சதவீதத்தில் வட்டி மட்டும் என்றால் பழைய தவணை அளவுதான். அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஏழில் ஒரு பங்கு ஏறாமல் ஆறு மாதம் கிடைத்தால் போதும், கார்டைப் பாதியாவது இறக்கிவிடுவேன்.

வெளியே வந்ததும் "நீயே பேசினது நல்லது" என்றார்.

மார்ச் 1

அக்காவுக்குப் போன் செய்தேன். மாதாமாதம் கொஞ்சமாவது தருகிறேன் என்றேன். "இப்போ அதையெல்லாம் யோசிக்காதே, முதல்ல உன் வீட்டைப் பாரு" என்றாள். குரல் சரியில்லை. அனுப்பத்தான் போகிறேன், தாளில் இருக்கும் வரிசை என்ன சொன்னாலும்.

மார்ச் 3

பதில் வந்தது. அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டுமாம். இந்த மாதச் சீட்டு இன்னும் தரவில்லை. நாளைக்குள் அனுப்பினால்தான் ஐந்தாம் தேதிக்கு முன்னால் முடியும்.