வரிசைக்கு வராதவர்கள்: பந்தலூர் முகாம் நாட்குறிப்பு

9 ஆகஸ்ட் 2019, வெள்ளி

நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை என்று நேற்றைய செய்தி. இதே மாவட்டத்தில் எங்கள் பந்தலூர் பக்கமும் நாட்கணக்கில் வானம் வெளுக்கவில்லை. மண் சரிந்த லைன்கள் எனப்படும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்தும் ஓடைக்கரைக் குடியிருப்புகளிலிருந்தும் வந்தவர்களைப் பள்ளியில் தங்கவைத்திருக்கிறோம். அரிசியும் போர்வையும் அரசிடமிருந்து வந்தன. பருப்பும் எண்ணெயும் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். அவற்றைப் பங்கிடும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எங்களிடம் வந்தது.

இன்று மாலை நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். குடும்ப அட்டை காட்டுபவர்களுக்கே முதலில் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான்தான். குழப்பம் வராது என்று நம்பினேன். முக்கால் மணி நேரத்தில் 60 பைகளும் தீர்ந்துவிட்டன. வாங்கிச் சென்றவர்களில் பலர், வீட்டுக்கூரையில் ஓர் ஓடுகூட நகராத சாலையோரத்துக்காரர்கள். அட்டை மண்ணுக்குள் போனவர்களும், கல்யாணமாகித் தனியாக உலை வைத்தும் இன்னும் அப்பாவின் அட்டையிலேயே பெயர் இருப்பவர்களும், ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருக்கும் ஐந்து குடும்பங்களும் வெறுங்கையோடு நின்றார்கள். ஒருவர் எங்கே பதிவு பெற்றவர் என்பதைத்தான் அட்டை சொல்லும். நேற்று இரவு அவர் எதை இழந்தார் என்பதைச் சொல்லாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

10 ஆகஸ்ட், சனி

காலையில் அம்மாவிடம் சொன்னேன். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கப்பலை விட்டு இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர் அம்மா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி வாங்கலாம் புள்ள, சோறு போட முடியாது" என்றார். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேற்று வீட்டுக்கு ஐந்து கிலோ என்று எல்லோருக்கும் ஒரே அளவாகத்தான் கொடுத்தோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் தானியம் என்று வைத்தால், கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது ஆறு நாளுக்கு வரும். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இரண்டாம் நாள் மாலையே பானை காலியாகிவிடும். ஆகவே இன்றிலிருந்து ஐந்து நாளுக்குத் தலைக்கு இரண்டு கிலோ என்று மாற்றினோம். கைக்குழந்தையையும் ஒரு தலையாகவே எண்ணுவதென்று முடிவு செய்தோம். அந்தப் பங்கு பால் கொடுக்கும் தாயின் வயிற்றுக்குப் போகட்டும்.

தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை இயக்கமும் சேர்ந்து 1997-இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் கையேட்டில், குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று இருக்கிறது. முகாமில் இருப்பவர்கள் 214 பேர். அப்படியானால் 3,210 லிட்டர் வேண்டும். எங்கள் தொட்டியோ 2,000 லிட்டர்தான். இத்தனை மழைக்கு நடுவில் நல்ல தண்ணீருக்குப் பங்கீடு செய்யவேண்டியிருக்கிறது. தொட்டியை இருவேளை நிரப்ப ஏற்பாடு செய்தாயிற்று.

11 ஆகஸ்ட், ஞாயிறு

முகாமுக்கு வந்தவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். வராதவர்கள் எங்கே என்று முதலில் கேட்டது சமையலுக்கு வந்திருந்த ஓர் அக்கா. ஓடைக்கு அப்பால் பணியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

நான்கு பேராக நடந்தோம். பாதை இருந்த இடத்தில் செம்மண் குழம்பாகக் கிடந்தது. அட்டைப்பூச்சிகள் கணுக்காலிலிருந்து மேலே ஏறியபடி இருந்தன. பதினான்கு வீடுகளில் மூன்று சாய்ந்துவிட்டன. மீதி வீடுகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டு அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் நனைந்து களியாகி, அதன் மேல் ஈர விறகு அடுக்கியபடி இருந்தது. நெருப்பு மூட்டி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று மலையாளத்தில் கேட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்ததாகவும், பலாமரத்தடியில் வெகுநேரம் நின்றதாகவும், யாரும் கூப்பிடாததால் திரும்பிவிட்டதாகவும் ஒரு பாட்டி சொன்னார். அந்தப் பலாமரம் எங்கள் விநியோக மேசையிலிருந்து முப்பது அடி தூரத்தில்தான் இருக்கிறது. நான் அவர்களைப் பார்க்கவேயில்லை.

பிறருடைய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைக்கவைக்கப்பட்ட மக்கள், கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்து கை நீட்டுவார்கள் என்று எதிர்பார்த்தது எங்கள் தவறு. முந்தி வருபவருக்கு முதலில் என்ற விதி, முந்தத் தெரிந்தவருக்கு மட்டுமே சாதகமானது. அந்தப் பதினான்கு வீட்டுக்கும் உரிய பங்கை இனி நாங்களே தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று முடிவாயிற்று. முகாம் வரை நடக்க முடியாத முதியவர்கள், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாத பெண்கள், கண் தெரியாத ஒரு பெரியவர் ஆகியோருக்கும் அப்படியே.

12 ஆகஸ்ட், திங்கள்

பக்ரீத். சமவெளியிலிருந்து ஒரு லாரி வந்தது. பாதிக்கு மேல் பழந்துணி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்ததை அங்கே போய்வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்போடு கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்களுக்கு இன்று தேவைப்பட்டவை தார்ப்பாய், மாதவிடாய் அணையாடை, மூடியுள்ள வாளி, தீப்பெட்டி. இனி உதவ விரும்புகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளும்படி, என்ன தேவை, என்ன தேவையில்லை என்று இரண்டு பட்டியல்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

லாரியோடு வந்தவர்கள் ஒவ்வொருவரும் பொருள் வாங்கும்போது படம் எடுக்கவேண்டும் என்றார்கள். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கையொப்பமிட்ட பதிவேட்டின் நகலும் மூட்டைகளின் படமும் போதும் என்றேன். என்னிடம் படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்; நாளை இதே பள்ளியில் உட்கார்ந்து படிக்கவேண்டிய பிள்ளை அவள். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சம்மதித்தார்கள்.

14 ஆகஸ்ட், புதன்

பட்டியலை ஊரறிய வாசித்தோம். இதை முதல் நாளே செய்திருக்கவேண்டும். கொழுந்து எடை போடும் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி, ஒவ்வொரு பெயரையும் அந்த வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கையையும் தமிழிலும் மலையாளத்திலும் சொன்னோம். ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு அவர்களில் ஓர் இளைஞர் இந்தியில் சொன்னார். இரண்டு இடத்தில் பதிந்திருந்த மூன்று பெயர்கள் அங்கேயே அடிபட்டன. விடுபட்டிருந்த ஒன்பது குடும்பங்களை அக்கம்பக்கத்தாரே எழுந்து சொல்லிச் சேர்த்தார்கள். பட்டியல் தயாரித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவர் தம் உறவினர் மூவரை நுழைத்திருந்தது தெரிந்தபோது கொட்டகை அமைதியாகிவிட்டது. யாரும் அவரை ஏசவில்லை. பெயர்களை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

அரிசியையும் அந்தக் கொட்டகைத் தராசிலேயே நிறுத்தோம். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எடை கழிப்பதைக் காலமெல்லாம் பார்த்துப் பழகிய பெண்களின் கண்கள் முள்ளைவிட்டு நகரவில்லை. சாக்கின் எடையையும் சேர்த்துவிட்டோம் என்று ஒரு பெண் சொன்னார். அவர் சொன்னது சரி. வெறும் சாக்கை நிறுத்து, அந்த எடைக்கு ஈடாக எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டோம். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் எழுதிக் கொட்டகை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

17 ஆகஸ்ட், சனி

குறை சொல்வதற்கென்று வைத்த பெட்டியில் மூன்று நாளாக ஒரு தாளும் விழவில்லை. குறையில்லை என்று மகிழத் தோன்றியது. பிறகுதான், எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு பெட்டி என்ன பதில் சொல்லும் என்று உறைத்தது. இன்று பெட்டியை எடுத்துவிட்டு, எல்லோரும் மதிக்கும் மருத்துவச்சிப் பாட்டி ஒருவரை ஓர் அறையில் உட்காரவைத்தோம். மாலைக்குள் பதினொரு பேர் பேசிவிட்டார்கள். இரண்டு வீடுகளில் ஆண்கள் பெற்றுச் சென்ற அரிசி வீடு போய்ச் சேரவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கில்லாததால் பெண்கள் மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார்கள். விளக்கு இன்றிரவே போட்டாயிற்று. அந்த இரு வீட்டுப் பங்கை இனிப் பெண்கள் கையில் கொடுப்போம்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

முகாமை மூடியாயிற்று. மூன்று நாட்களாக வீடு வீடாகப் போய், கிடைத்தது என்ன, அதில் பயன்பட்டது எது என்று கேட்டு வருகிறோம். ஜார்க்கண்ட் குடும்பங்கள் புழுங்கல் அரிசி பழக்கம்தான் என்றார்கள்; ஆனால் கொடுத்த எண்ணெய் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, கடுகெண்ணெய் கேட்டார்கள். பணியர் குடியிருப்பில் போர்வை போதவில்லை.

மீதமிருப்பது 38 கிலோ அரிசி. கொட்டகையில் மறுபடியும் கூடி, வீடு முழுதாகப் போன குடும்பங்களுக்கு அதைக் கொடுப்பதென்று அவர்களே முடிவு செய்தார்கள்.

தீராத ஒன்று இருக்கிறது. கூடலூர் ஜன்ம நிலங்கள், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின் நிலங்கள், தொடர்பாக 1969-இல் இயற்றப்பட்ட ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், உரிமை யாருக்கு என்று முடிவாகாமல் சிக்கிக் கிடக்கும் நிலங்களில்தான் இந்தப் பக்கம் ஏராளமானோர் வீடு கட்டி வாழ்கிறார்கள். பட்டா இல்லை, பல வீடுகளுக்குக் கதவு எண்ணும் இல்லை. இடிந்த வீட்டுக்கான நிவாரணத்துக்கு மனு கொடுக்கப்போனால், இடிந்தது இன்னாருடைய வீடு என்று காட்ட அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. ஏழு வீடுகளுக்கு இடிந்த சுவரின் படம், அக்கம்பக்கத்தார் ஐவரின் கையெழுத்து, பிள்ளைகள் எங்கள் பள்ளியில் சேர்ந்தபோது பதிவேட்டில் எழுதிய முகவரி ஆகியவற்றைச் சேர்த்து மனு தயாரித்திருக்கிறேன். பலாமரத்தடியில் நின்ற இருவரில் ஒருவரின் வீடும் அதில் உண்டு. நாளை காலை முதல் பேருந்தில் வட்டாட்சியர் அலுவலகம் போகிறோம்; அவரும் வருகிறார்.